எத்தனை அடி மேடு? எலெக்ட்ரிக் வண்டிக்கும் ஒரு போர்வெல் கணக்கு

அன்னூர்ப் பக்கம் பம்ப்செட் கடைக்குப் போனால், விலை பேசும் முன்பே கடைக்காரர் கேட்டுவிடுவார்: "போர் எத்தனை அடிங்க? தண்ணி எத்தனையில நிக்குது?" ஆழம் தெரியாமல் மோட்டாரைக் கையில் எடுக்கவே மாட்டார். எலெக்ட்ரிக் இருசக்கர வண்டிக் கடையில் இப்படி ஒரு கேள்வியை நான் கேட்டதே இல்லை. "ஒரு சார்ஜுக்கு 120 கிலோமீட்டர் போகுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

அந்தத் தூரம் ஆய்வுக்கூடத்தில் உருளைமேல் சக்கரத்தைச் சுழலவிட்டு அளந்தது. அங்கே மேடும் இல்லை, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றும் இல்லை. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது 20 கிலோமீட்டர் வேகக் காற்று எதிரே வந்தால், வண்டி 60 கிலோமீட்டர் காற்றை முட்டிக்கொண்டு போகிறது. தடுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால் இரண்டே கால் மடங்காகிவிடும்.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? பேட்டரியின் கிலோவாட் ஹவரைப் பாருங்கள். கரண்ட் பில்லில் வருகிற யூனிட்டும் இதுவும் ஒன்றுதான். சமதளத்தில் நிதானமாக ஓட்டினால் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 35 கிலோமீட்டர் கிடைக்கும். கோவை காந்திபுரத்திலிருந்து சரவணம்பட்டிக்கு வேலைக்குப் போய்வர 2 யூனிட் பேட்டரியே தாராளம்.

ஞாயிற்றுக்கிழமை குன்னூர் போக ஆசைப்பட்டால்தான் போர்வெல் கணக்கு தேவைப்படும். மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர், குன்னூர் நிலையம் சுமார் 1,711 மீட்டர். வண்டி 115 கிலோ, நீங்கள் 65 கிலோ என்றால், 180 கிலோவை 1,385 மீட்டர் தூக்க 0.68 யூனிட் வேண்டும். மோட்டாரில் சூடாகப் போவதையும் சேர்த்தால் 0.85. மலைச்சாலையின் முப்பது சொச்சம் கிலோமீட்டர் ஓடுவதற்கு இன்னொரு 0.8, கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வர ஒரு யூனிட். 3 யூனிட் பேட்டரியில் தனியாள் குன்னூரை எட்டிவிடலாம். பின்னால் வீட்டுக்காரரோ வீட்டுக்காரம்மாவோ உட்கார்ந்தால் அந்த மிச்சமும் கரைந்துவிடும்.

பேட்டரி போதும் என்றாலும் மோட்டார் தாங்க வேண்டுமே. கோவை கணபதியில் காயில் கட்டும் கடையொன்றில் பிரித்துப் போட்ட ஹப் மோட்டாரை, அதாவது சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் மோட்டாரைப் பார்த்தேன். பம்ப்செட் மோட்டாரில் வெளிக்கூடு அசையாது, உள்ளே இருப்பது சுற்றும். இதில் நேர்மாறு. செப்புக் காயில் அச்சோடு அசையாமல் நிற்க, உட்புறம் காந்தம் ஒட்டிய வெளி வளையம் சுற்றுகிறது. கன்ட்ரோலர் ஒவ்வொரு காயிலுக்கும் முறைவைத்துக் கரண்ட் விட, காந்தங்கள் அதைத் துரத்திக்கொண்டே போகின்றன. நான் பார்த்ததில் காயில் ஒரு பக்கம் கருகிக் கிடந்தது.

காரணம் எளிது. மேட்டில் மெதுவாக ஏறும்போது இழுவைக்காக மோட்டார் அதிகக் கரண்ட் எடுக்கும். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. நீர்மூழ்கி மோட்டாரைச் சுற்றித் தண்ணீர் இருக்கிறது, சூட்டை வாங்கிக்கொள்ளும். மூடிய ஹப் மோட்டாருக்குக் காற்றுதான் கதி. 12 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் மேட்டில் அதே 180 கிலோவை 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்ற, தூக்குவதற்கு மட்டுமே 1,200 வாட்டுக்கு மேல் வேண்டும், அதுவும் இடைவிடாமல். அதனால் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் 'பீக்' பவரை விடுங்கள், தொடர்ந்து எவ்வளவு தரும் என்று கேளுங்கள். மலை ஏறுகிறவர்களுக்கு, வண்டி நடுவில் மோட்டாரை வைத்து பெல்ட்டோ செயினோ வழியாகச் சக்கரத்தைச் சுற்றும் அமைப்பே மேல் என்பேன். மோட்டார் வேகமாகச் சுற்ற, பல்சக்கரம் இழுவையைக் கூட்டிக் கொடுக்கும்.

இறங்கும்போது அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, ஏற்றத்தில் செலவானதில் ஒரு பங்கைத் திருப்பித் தரும். நிரம்பிய பேட்டரி அதை வாங்காது, வேகத்தை அடக்கும் வேலை முழுக்கப் பிரேக் தலையில் விழும். அதனால் குன்னூரில் சார்ஜ் போட்டால் 80 சதவீதத்திலேயே கழற்றிவிடுங்கள், மலையடிவாரத்தில் இருக்கும் கல்லாறு வருவதற்குள் மீதி கொஞ்சம் தானே ஏறிவிடும்.