அந்த வரியை அழித்தால் போதாது, கீயையே முடக்குங்கள்

எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருநாள் இரவு கூப்பிட்டு, "அண்ணா, டாட் என்வ் கோப்பு தெரியாம கிட்ல ஏறிடுச்சு, உடனே அழிச்சு இன்னொரு கமிட் போட்டுட்டேன், பரவாயில்லதானே?" என்றார். டாட் என்வ் என்பது கடவுச்சொல், கீ போன்ற ரகசியங்களை வைக்கும் கோப்பு; கிட் என்பது நிரலில் செய்யும் மாற்றங்களை கமிட் என்ற பதிவுகளாகச் சேமித்து வைக்கும் கருவி. பழைய கமிட்டுகளைக் காட்டும் கிட் லாக் கட்டளையோடு மைனஸ் பி சேர்த்து அடித்துப் பார்க்கச் சொன்னேன். கடைசி கமிட்டில் சிவப்பு மைனஸ் குறியோடும் அதற்கு முந்தையதில் பச்சை பிளஸ் குறியோடும் கிளவுட் கீ, அதாவது எங்கள் வாடகை சர்வர் கணக்கைத் திறக்கும் ரகசியக் குறியீடு, முழுசாக நின்றது.

யாரும் பார்க்கக்கூடிய பொது ரெப்போ (கிட்டில் இருக்கும் கோப்புத் தொகுப்பு) என்றால் நிலைமை இன்னும் மோசம். கீ தேடுவதற்கென்றே ஓடும் நிரல்கள் சில நிமிடங்களில் அதை எடுத்துவிடும், அப்புறம் உங்கள் கணக்கில் கிரிப்டோ மைனிங் சர்வர்கள் முளைக்கும், பில் உங்களுக்கு வரும். அதனால் முதல் வேலை, கிளவுட் கணக்குக்குள் போய் அந்தக் கீயை முடக்குவது. கிட் ஃபில்டர் ரெப்போ என்ற கருவியை வைத்து வரலாற்றைச் சுத்தம் செய்வதெல்லாம் அதற்கப்புறம்தான், ஏனென்றால் ஏற்கெனவே குளோன் செய்தவரிடம் இருக்கும் நகலை உங்களால் தொட முடியாது.

அடுத்து, யாராவது பயன்படுத்தினார்களா என்று பாருங்கள். அமேசான் கிளவுட் என்றால் கிளவுட்டிரெயில் என்ற பதிவேட்டில் கடைசி 90 நாள் நிகழ்வுகள் கிடைக்கும். ஆனால் அது ரீஜனுக்கு ரீஜன் (சர்வர்கள் இருக்கும் புவிப்பகுதி) தனித்தனியாகத்தான் காட்டும், நீங்கள் எட்டிப் பார்க்காத ரீஜனில்தான் திருட்டு சர்வர் ஓடும், ஒன்று விடாமல் பாருங்கள்.

கிட் சேர்க்கக் கூடாத கோப்புகளின் பட்டியலான கிட்இக்னோரில் பெயரைச் சேர்த்துவிட்டோம் என்று நிம்மதியாகவும் இருக்காதீர்கள். ஏற்கெனவே கமிட் ஆன கோப்பை அது கண்டுகொள்ளாது, கிட் ஆர்எம் கட்டளையை கேச்டு என்ற தெரிவோடு ஓட்டினால்தான் கோப்பு உங்கள் கணினியில் இருந்தபடியே கிட்டை விட்டு வெளியேறும். நிரலையும் அதற்குத் தேவையானதையும் இமேஜ் என்ற ஒரே பொதியாகக் கட்டும் டாக்கரிலும் இதே கதை, ஒவ்வொரு படியும் அதில் ஒரு லேயராக, அதாவது அடுக்காகத் தங்கும்: அதைக் கட்டும் படிகளை எழுதும் டாக்கர்ஃபைலில் காப்பி செய்துவிட்டு அடுத்த வரியில் அழித்தாலும் முந்தைய லேயரில் அது உட்கார்ந்திருக்கும், இமேஜ் கையில் கிடைத்தவர் எடுத்துவிடலாம். டாக்கர்இக்னோர் கோப்பில் டாட் என்வ் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே அடிப்பதும் வேண்டாம், அடித்த கட்டளைகளைச் சேமிக்கும் ஹிஸ்டரியில் தங்கிவிடும், அதே சர்வரில் இருக்கும் மற்றவருக்கு, ஓடும் நிரல்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையிலும் தெரியலாம்.

அன்றைக்கு லாக் முழுவதும் பார்த்து முடிக்க இரவு இரண்டு மணி ஆனது. நல்லவேளை, யாரும் தொடவில்லை. மறுநாளே அந்தக் கீயைப் பயன்படுத்திய சர்வருக்கு ஐஏஎம் ரோல் (நிரந்தரக் கீ இல்லாமல் அனுமதி தரும் அமேசான் ஏற்பாடு) ஒன்றைக் கொடுத்தோம். இப்போது தற்காலிகக் கீயை அதுவே வாங்கிக்கொள்கிறது, சில மணி நேரத்தில் அது தானாகக் காலாவதியாகிறது. அந்த டாட் என்வ் கோப்பில் கீ என்று ஒரு வரியே இல்லை.