ராடிக்கல்: தீவிரவாதமா, வேரடியா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் சூழல் கூட்டங்களுக்கு அடிக்கிற இருமொழி நோட்டீஸ்களில் ஒரு பிழை திரும்பத் திரும்ப வருகிறது. மலையாளப் பக்கத்தில் 'ராடிக்கல்' என்று அப்படியே இருக்கும் ஆங்கிலச் சொல், தமிழ்ப் பக்கத்துக்கு வரும்போது 'தீவிரவாத' என்று ஆகிவிடுகிறது. கடைசியாகக் கையில் கிடைத்தது ஆஸ்திரிய ஓவியர் ஹுண்டர்ட்வாசர் பற்றிய ஒரு படக்காட்சி நோட்டீஸ். 'எழுத்தாளர், ஓவியர், தீவிரவாதச் சூழலியல்வாதி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். இனியும் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது சரியில்லை.

சொல்லின் பிறப்பு எளியது. லத்தீனில் 'ராடிக்ஸ்' என்றால் வேர். முள்ளங்கிக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரும், விதையிலிருந்து முதலில் நீளும் முளைவேருக்குத் தாவரவியல் வைத்த பெயரும் இதே குடும்பம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் நாடாளுமன்றத்தை அடியிலிருந்தே சீர்திருத்த வேண்டும் என்று கேட்டவர்கள் இச்சொல்லை அரசியலுக்குக் கொண்டுவந்தார்கள். 1844இல் மார்க்ஸ், ராடிக்கலாக இருப்பது என்றால் விஷயத்தை வேரில் பிடிப்பது என்று எழுதினார். மனிதனுக்கு வேர் மனிதனே என்றும் சேர்த்துச் சொன்னார். சூழலியலில் வந்த ராடிக்கல்கள் பலர் அந்த இரண்டாம் பாதியை ஏற்கவில்லை. 1973இல் நார்வேயின் தத்துவ அறிஞர் ஆர்னே நேஸ் மேலோட்டமான சூழலியல், ஆழமான சூழலியல் என்று இரண்டாகப் பிரித்துக் காட்டியபோது, வேர் மனிதனுக்கும் கீழே மண்ணில் இருக்கிறது என்ற பேச்சுக்கு ஒரு பெயர் கிடைத்தது.

இனி 'தீவிரம்'. வடமொழி 'தீவ்ர'வுக்குக் கூர்மை, கடுமை, வேகம் என்று பொருள். காய்ச்சல் தீவிரமாகும், மழை தீவிரமடையும், மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டு. எல்லாமே அளவைச் சொல்கிறவை. ஒன்று எவ்வளவு கடுமை என்று சொல்லுமே தவிர, எவ்வளவு ஆழம் என்று இச்சொல் சொல்லாது. ஒரு மேலோட்டமான கோரிக்கையைத் தொண்டை கிழியக் கத்திக் கேட்டால் அது தீவிரம். யாரும் தொடாத அடிப்படைக் கேள்வியை மெல்லிய குரலில் கேட்டால் அதுதான் ராடிக்கல். அதோடு 'வாதம்' ஒட்டிக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம். நாற்பது வருடமாகத் தமிழ்ச் செய்தித்தாள் படிக்கிறவர் மனத்தில் 'தீவிரவாதி' என்றதும் துப்பாக்கியும் குண்டும்தான் வரும். அதிலும் இது பாலக்காடு மாவட்டம். 2019 அக்டோபரில் அட்டப்பாடி மஞ்சக்கண்டிக் காட்டில் நான்கு மாவோயிஸ்ட்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகும் மண்ணைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் பேசுகிறவருக்கு இந்தப் பட்டத்தை அச்சடித்துக் கொடுப்பது எவ்வளவு பொறுப்பற்ற வேலை!

நோட்டீஸில் வந்த ஹுண்டர்ட்வாசர் யார் என்று பார்த்தால் பிழை இன்னும் துலங்கும். 1928இல் வியன்னாவில் பிறந்தவர், இயற்பெயர் ஃபிரீட்ரிக் ஸ்டோவாசர். ஸ்லாவிய மொழிகளில் 'ஸ்டோ' என்றால் நூறு என்று கண்டு, அதை ஜெர்மனில் 'ஹுண்டர்ட்' ஆக்கிக்கொண்டார். முன்பெயரையும் 'ஃபிரீடென்ஸ்ரைக்' என்று மாற்றினார். அதில் உள்ள 'ஃபிரீடென்' என்பதற்கு அமைதி என்று பொருள். அமைதியைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டவரைத்தான் நம் நோட்டீஸ் தீவிரவாதி என்கிறது.

அவர் எழுதிய அறிக்கைகளைப் பாருங்கள். 1958இல் நேர்கோட்டுக் கட்டடக் கலையை எதிர்த்து எழுதினார், சுவரில் பாசி படரட்டும் என்றார். 1972இல் எழுதியது ஜன்னல் உரிமை பற்றி: வாடகைக்கு இருப்பவருக்கும் தன் ஜன்னலைச் சுற்றிக் கை எட்டும் தூரம் வரை வண்ணம் பூச உரிமை உண்டு, அதே மூச்சில் மரம் வளர்க்கும் கடமையும் உண்டு. அடுத்த ஆண்டு மிலான் நகரக் கட்டட ஜன்னல்களில் மரங்களைக் குடிவைத்தார். வேர் வீட்டுக்குள், கிளை தெருவுக்கு மேலே. அவற்றை அவர் குடித்தனக்காரர்கள் என்றே அழைத்தார். நிழலும் பிராணவாயுவும் அவை தரும் வாடகை. மனிதக் கழிவை மட்கவைத்து மண்ணாக்கும் கழிப்பறையை வடிவமைத்தார், அதைப் போற்றி ஓர் அறிக்கையும் எழுதினார். 1984 டிசம்பரில் டான்யூப் கரையில் ஹைன்பர்க் ஆற்றுக்காட்டை அழித்து நீர்மின் நிலையம் கட்ட முனைந்தபோது, குளிரில் கூடாரம் போட்டுக் காட்டை மறித்தவர்களோடு நின்றார். அரசு தந்த பெரிய பரிசைக் கிழித்துப்போட்டார். மின் நிலையம் வரவில்லை. 1996இல் அந்த இடம் தேசியப் பூங்கா ஆனது. 2000 பிப்ரவரியில் கப்பல் பயணத்தில் இறந்தவரை நியூசிலாந்தில் அவருடைய நிலத்திலேயே, சவப்பெட்டி இல்லாமல், ஒரு மரத்தடியில் புதைத்தார்கள். இதில் எங்கே இருக்கிறது தீவிரவாதம்?

'புரட்சிகர' என்று போடலாமே என்பார்கள் சிலர். அதுவும் பொருந்தாது. இதே ஹுண்டர்ட்வாசர் ஆஸ்திரியாவுக்கு மன்னராட்சி திரும்ப வேண்டும் என்றும் வாதாடியவர்! ஆட்சியைக் கவிழ்ப்பது பற்றியது புரட்சி. ராடிக்கல் என்பது எங்கே கை வைக்கிறோம் என்பது பற்றியது. 'முற்போக்கு' தமிழ்நாட்டில் கட்சி வண்ணம் ஏறிய சொல். 'அடிப்படைவாத' பொருளில் கிட்டே வருகிறது, ஆனால் மதவெறியோடு அது ஏற்கெனவே ஒட்டிப்போய்விட்டது. அதை இனிக் கழுவி எடுக்க முடியாது.

மலையாளத்தில் 'சமூலமாய மாற்றம்' என்பார்கள். வேரோடு சேர்ந்த மாற்றம். நல்ல சொல், நமக்கும் தெரிந்த சொல்தான். நாட்டு மருந்துக் கடையில் கீழாநெல்லி சமூலம் கேட்டால் இலை, தண்டு, காய், வேர் எல்லாம் சேர்த்துக் காயவைத்ததைப் பொட்டலம் கட்டித் தருவார்கள். பிரித்தால் வேரில் ஒட்டிய மண்தூள் காகிதத்தில் உதிரும். அதற்காக 'சமூலச் சூழலியல்' என்று எழுதலாமா? கூடாது. வடசொல் என்பதற்காக அல்ல. தமிழில் இச்சொல் மருந்துக் கடையை விட்டு வெளியே வரவில்லை, படிக்கிறவர் மூலிகைச் செடியைத்தான் நினைப்பார். வள்ளுவர் 'நோய்முதல்' என்றபோது 'முதல்' என்பது மூலகாரணம். இன்றோ அது கடைக்குப் போடும் பணம்.

அப்புறம் என்னதான் எழுதுவது? 'வேரடி' என்று எழுதலாம். 'வேரடி மண்ணோடு பிடுங்கிவிட்டான்' என்று ஊரில் எல்லோரும் சொல்கிறோம். அகராதியைப் புரட்டாமலே புரியும். பிடுங்குவதோடு சேர்ந்து வரும் சொல் சூழலியலுக்கு ஆகுமா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே பிடுங்குவது வினை. 'வேரடி' இடத்தை மட்டுமே சொல்கிறது. அந்த இடத்தில் நீர் ஊற்றலாம், உரம் போடலாம், நோய் இருந்தால் தோண்டிப் பார்க்கலாம்.

தோண்டிப் பார்த்ததற்கு நம் கண்ணெதிரே சாட்சி உண்டு. பெருமாட்டிப் பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் 2000இல் கோகோ கோலா ஆலை வந்தது. கிணற்று நீர் கெட்டபோது டேங்கர் லாரியில் தண்ணீர் விட்டது ஒரு வகைத் தீர்வு. 2002 ஏப்ரலில் ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்த மயிலம்மா முதலான பழங்குடிப் பெண்களின் போராட்டம் அதோடு நிற்கவில்லை. இந்த நிலத்தடி நீர் யாருடையது என்ற கேள்வி கேரள உயர் நீதிமன்றம் வரை போனது. அது மக்கள் சொத்து என்று 2003 டிசம்பரில் ஒரு நீதிபதி தீர்ப்பளித்தார். 2005இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. ஆனாலும் 2004 மார்ச்சில் நின்ற ஆலை மறுபடி ஓடவில்லை. அந்தப் பந்தலில் நடந்ததுதான் வேரடி அரசியல்.

மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்கு உள்ள வருத்தம் இதுதான். மலையாளமும் தமிழும் தெரிந்தவர்கள் இவர்கள். இரண்டு மொழியிலும் வேர் இருக்கிறது, மூலம் இருக்கிறது. இருந்தும் செய்தித்தாள் தலைப்பில் பழகிய சொல்லையே எடுத்து ஒட்டுகிறார்கள். 'சூழலியல்வாதி'யும் அப்படித்தான். மரம் நட்டவர், ஓவியம் வரைந்தவர், கழிப்பறை செய்தவர் எல்லோரையும் 'வாதி' ஆக்கிவிட்டால் அவர் செய்த வேலை மறைந்து, வாதம் மட்டும் மிஞ்சுகிறது. 'சூழலியலாளர்' போதும்.

வேரடிச் சூழலியல், வேரடி மாற்றம், வேரடிக் கேள்வி என்று புணர்ச்சியிலும் இது தொல்லை தராது. வேதியியலில் மட்டும் இதை நுழைக்க வேண்டாம். அங்கே 'ஃபிரீ ராடிக்கல்' என்பதற்குப் பாடநூலில் உள்ள 'தனி உறுப்பு' வேறு பொருளில் நிலைத்துவிட்டது, அது அப்படியே இருக்கட்டும்.