ரத்தக் கொதிப்பா, ரத்த அழுத்தமா?

"எனக்கெதுக்கு பிரஷர் மாத்திரை? நான் யார்கிட்டயும் கோபப்பட்டதே இல்லையே" என்று என் பெரியம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. பாதி அட்டையோடு மாத்திரையை நிறுத்திவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த நோயை அவர் அறிந்துகொண்டதே 'ரத்தக் கொதிப்பு' என்ற பெயரில்தான்.

உலை கொதிக்கும், சித்திரை வெயிலில் மணல் கொதிக்கும், அநியாயத்தைப் பார்த்தால் மனம் கொதிக்கும். அதனால் ரத்தக் கொதிப்பு என்றதும் உடல் சூடும் முன்கோபமும்தான் நினைவுக்கு வருகின்றன. உண்மையில் இந்த நோயில் ரத்தம் சூடாவதே இல்லை. 'ஹைப்பர்டென்ஷன்' என்ற சொல்லும் நம்மை அதே பக்கம்தான் இழுக்கிறது. ஹைப்பர் என்றால் கிரேக்கத்தில் மிகை. டென்ஷன், இழுத்து விறைப்பாக்குவதைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. நாடிக்குழாயில் உள்ள அழுத்தத்தை 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் அப்படித்தான் குறித்தார்கள். நம் வீட்டுப் பேச்சிலோ டென்ஷன் என்றால் மனப் பதற்றம். சாதுவான ஆளுக்கு பிரஷர் வராது என்ற நம்பிக்கை இப்படித்தான் ஊறிப்போனது.

சரியான சொல் 'ரத்த அழுத்தம்'. அது கூடிப்போன நிலை 'உயர் ரத்த அழுத்தம்'. அழுந்து, அழுத்து, அழுத்தம் என்று வேர் தெளிவாகத் தெரிகிறது. இலங்கைத் தமிழர் 'குருதியமுக்கம்' என்பார்கள்; அவர்களுடைய வானிலைச் செய்தியில் 'தாழமுக்கம்' வருவதும் அதே அமுக்கம்தான். இரண்டு சொற்களுமே விசையைச் சொல்கின்றன, உணர்ச்சியை அல்ல. விசை என்றால் அளக்கலாம். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஒரு குதிரையின் நாடியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தியபோது ரத்தம் 8 அடிக்கு மேல் ஏறி நின்றது; இதை 1733இல் அவர் வெளியிட்டார். 1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி கையில் பட்டை கட்டி அளக்கும் பாதரசக் கருவியைத் தந்தார். இன்று 140 என்று சொன்னால், பாதரசத்தை 140 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தூக்கும் விசை என்று பொருள்.

மனதில் உள்ளதை வெளியே காட்டாதவரை 'அழுத்தக்காரர்' என்கிறோம் இல்லையா? இந்த நோயும் அப்படித்தான். தலைவலி, படபடப்பு எதுவும் இல்லாமலே பல வருஷம் உள்ளே இருக்கும்.

அது அதிகம் பாதிக்கும் இடங்களில் ஒன்று மூளை. உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் ரத்த ஓட்டத்தில் ஏழில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்கிறது. ஓயாத அழுத்தத்தில் அதன் நுண்குழாய்கள் தடித்துக் குறுகுகின்றன. அங்கங்கே ரத்தம் எட்டாத சின்னச் சின்னப் புள்ளிகள் உண்டாகின்றன. டிமென்ஷியா என்கிற மறதிநோய்க்கு இது ஒரு முக்கியமான வழி. (மறதிநோய் என்ற சொல்லும் போதாதுதான். பெயர் மறப்பது மட்டுமல்ல, மீதிச் சில்லறை எண்ணவும் பழகிய தெருவில் வீடு திரும்பவும் முடியாமல் போவது அது.)

அழுத்தத்தைக் குறைத்தால் இது குறையுமா? அமெரிக்காவில் 50 வயதைக் கடந்த 9,361 பேரிடம் நடந்த ஸ்பிரின்ட் ஆய்வு மேல் அளவை 120க்குக் கீழே கொண்டுவர முயன்றது. 140க்குக் கீழே என்ற இலக்கோடு இருந்தவர்களைவிட இவர்களிடம் லேசான அறிவாற்றல் குறைவு 19 சதவீதம் குறைந்தது என்று 2019இல் முடிவு வந்தது. ஆனால் சிகிச்சை முன்கூட்டியே நிறுத்தப்பட்டதால், டிமென்ஷியாவைப் பற்றி அந்த ஆய்வால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அப்புறம் 2025இல் சீனாவிலிருந்து வந்த முடிவுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. 326 கிராமங்கள், கிட்டத்தட்ட 34,000 பேர். பெரிய ஆஸ்பத்திரி எதுவும் இல்லை. பாதி கிராமங்களில் அந்தந்த ஊர் மருத்துவரே மாத்திரை கொடுத்து, அளவு பார்த்து, 130/80க்குக் கீழே இறக்க முயன்றார்; மீதியில் வழக்கமான சிகிச்சை. நான்கு ஆண்டுகளில், அந்த மற்ற கிராமங்களைவிட இங்கே டிமென்ஷியா 15 சதவீதம் குறைந்தது.

தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. கொண்டுவரும் பெண்கள் நம் ஊர்க்காரர்கள்தான். என் பெரியம்மாவிடம் அப்படி வந்த ஒருவர், "கோபத்துக்கு இல்லம்மா, குழாய்க்கு" என்று சொன்னார். அதன் பிறகு அட்டை பாதியில் நிற்கவில்லை.