தகரம்: ஒரே சொல்லுக்குள் இரண்டு உலோகங்கள்

மொரீசியஸ் கிரியோலில் ‘தோல்’ என்றால் இரும்புத் தகடு. ‘லகாஸ் தோல்’ என்றால் தகட்டு வீடு. (தமிழ்க் காதில் வேறு மாதிரி விழும், என்ன செய்வது.) மேசையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வட்டார வடிவத்திலிருந்து வந்தது இது. தட்டையானது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. நாம் அதையே ‘தகரம்’ என்கிறோம். அது ஓர் உலோகத்தின் பெயர். சிக்கல், கூரையில் அந்த உலோகம் இல்லை என்பதுதான்.

சங்கப் பாடல்களில் தகரம் ஒரு மணப்பொருள். கூந்தலுக்குப் பூசும் சாந்து. உலோகப் பெயராக அது வெள்ளீயத்தைக் குறிக்கிறது. தெலுங்கில் ‘தகரமு’, மலையாளத்தில் ‘தகரம்’ என்று அண்டை மொழிகளிலும் அதே பொருள். வெள்ளீயம் பூசிய இரும்பு டப்பாக்கள் வந்ததும் பெயர் டப்பாவுக்கு ஒட்டியது. பிறகு கூரைத் தகட்டுக்கும் தாவியது. ஆனால் கூரைத் தகட்டின் மேல் இருப்பது துத்தநாகம். இலங்கைப் பாடநூல்கள் இதைச் சுருக்கமாக ‘நாகம்’ என்கின்றன.

பெயர்தானே என்று விட முடியாது. இந்த இரண்டு பூச்சுகளும் நேர் எதிராக வேலை செய்கின்றன. எலக்ட்ரானை எளிதில் இழப்பதை மேலே வைக்கும் வினைத்திறன் வரிசையில் துத்தநாகம் இரும்புக்கு மேலே, வெள்ளீயம் கீழே. அந்த இழப்பின் அளவுகோலான நியம மின்வாய் அழுத்தம் (குறையக் குறைய எளிதில் இழக்கும்) துத்தநாகத்துக்கு −0.76 வோல்ட், இரும்புக்கு −0.44, வெள்ளீயத்துக்கு −0.14. கூரைத் தகட்டில் ஆணி கீறினால், ஈரம் பட்டதும் துத்தநாகம் எலக்ட்ரானை விட்டுத் தான் கரைந்து, பக்கத்திலுள்ள இரும்பைக் காக்கும். டப்பாவின் வெளிப்புறம் கீறினால் இரும்புதான் எலக்ட்ரானை இழக்கும். பூச்சே இல்லாத இரும்பைவிட அந்த இடம் வேகமாகத் துருவேறும். டப்பாவின் உள்ளே கதை மாறும். காற்றில்லாத இடத்தில் பழ அமிலம் வெள்ளீய அயனியைப் பிடித்து வைத்துக்கொள்வதால், அங்கே வெள்ளீயமே மெல்லக் கரைந்து இரும்பைக் காக்கிறது. திறந்ததும் ஆக்சிஜன் நுழைந்து கரைதல் வேகமெடுக்கும். மீதி அன்னாசித் துண்டுகளை உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றச் சொல்வது அதனால்தான்.

இரும்பில் துத்தநாகம் பூசுவதைக் குறிக்கும் ‘கால்வனைஸ்’ என்ற சொல் இத்தாலியின் போலோஞாவில் தவளைக் கால்களை வைத்து ஆய்வு செய்த லூயிஜி கால்வானியின் (1737–1798) பெயரிலிருந்து வந்தது. உருகிய துத்தநாகத்தில் இரும்பை முக்கும் முறைக்கு 1837இல் பிரான்சில் சொரெல் என்ற பொறியாளர் காப்புரிமை பெற்றார். அதில் மின்சாரம் கிடையாது. இரும்பை அமிலத்தில் கழுவி, உருகிய உலோகம் ஒட்ட உதவும் இளக்கியில் தோய்த்து, சுமார் 450 டிகிரி செல்சியசில் முக்குகிறார்கள். தமிழில் ‘நாகமுலாம் பூசுதல்’ பொருந்தும். வெள்ளீயம் என்றால் ‘ஈயம் பூசுதல்’ என்று பேச்சில் ஏற்கெனவே இருக்கிறது. கடையில் தகரம் என்றே கேளுங்கள். எழுதும்போது ‘நாகத் தகடு’ என்று எழுதினால் குழப்பம் தீரும்.

நாகத் தகடு மொரீசியஸ் தீவில் ஏன் தோற்கிறது? பொதுவாக, காற்றிலுள்ள ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் ஈரத்தோடு சேர்ந்து துத்தநாகத்தின் மேல் காரக் கார்பனேட் படலமாகப் படிந்து அரிப்பைத் தடுக்கும். மாஹேபூர் போன்ற கரையோரத்தில் உப்பின் குளோரைடு அந்தப் படலத்தை நிலைக்க விடாது. ‘இசட் 275’ என்று அச்சிட்ட தகட்டில் இரு பக்கமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 275 கிராம் துத்தநாகம். பக்கத்துக்கு 20 மைக்ரான் அளவுதான். அது தீர்ந்ததும் செந்துரு.

கடலைக் குறை சொல்வதற்கு முன் கூரையைப் பாருங்கள். சூரிய வெந்நீர்த் தொட்டியின் செப்புக் குழாயிலிருந்து சொட்டும் நீர் செப்பு அயனிகளைக் கொண்டுவரும். அவை துத்தநாகத்தின் மேல் செம்பாகப் படிந்து, சுற்றிலும் உள்ள பூச்சைத் தின்னும். இது தவிர்க்க எளிதான தவறு: அந்த நீரைத் தனிக் குழாயில் இறக்கிவிடுங்கள். ஈரச் சிமெண்டுக் கலவையும் ஆகாது. துத்தநாகம் அமிலம், காரம் இரண்டிலும் கரையும். கிரைண்டரால் வெட்டினால் விளிம்புப் பூச்சு எரிந்துபோகும், தெறித்த இரும்புத் தூள் துருப்புள்ளியாகும்; தகரக் கத்தரியே நல்லது. கட்டாக அடுக்கிய தகடுகளுக்கிடையே மழைநீர் தங்கினால் காற்றுப் புகாமல் வெண்துரு (துத்தநாகம் அரிந்து உண்டாகும் வெள்ளைப் பொடி) பூக்கும், ஆகவே சாய்த்து வையுங்கள்.

நாகவாளியில் புளிக்கரைசலோ அச்சாரோ ஊற வைக்காதீர்கள். அமிலத்தில் கரைந்த துத்தநாகம் வயிற்றுக்குள் போனால் குமட்டலும் வாந்தியும் வரும்.