ஐ7 ஸ்டிக்கர பாத்து காச குடுக்காதீங்க

மறுபடியும் ஒன்னு. கோலாலம்பூர் செந்தூல்ல இருந்து ஒரு அக்கா, மகன் எஸ்பிஎம் (அஞ்சாம் படிவப் பரீட்சை) முடிச்சிட்டான், காலேஜுக்கு வேணும்னு ஆன்லைன்ல ஒரு ரீஃபர்பிஷ்ட் (பழசச் சரிபண்ணி விக்கிற) ஆபிஸ் டெஸ்க்டாப் வாங்கியிருக்காங்க, 850 வெள்ளி (ரிங்கிட்). "கோர் ஐ7 தம்பி, 16 ஜிபி ரேம், விண்டோஸ் 11 எல்லாம் போட்டுத்தான் குடுத்தாங்க, ஏன் இப்படி இழுக்குது?" உள்ள பாத்தா ஐ7-2600. 2011ல வந்த சிப். அந்தப் பையன் அப்ப தடிகாவுக்கே (பாலர் பள்ளிக்கே) போயிருக்க மாட்டான்.

ஐ7னாலே ஃபாஸ்ட்டுன்னு யாருதான் சொல்லி வச்சாங்களோ தெரியல. எத்தன பேருக்குச் சொன்னாலும் அடுத்த வாரம் இன்னொருத்தர் அதே பெட்டியத் தூக்கிட்டு வர்றாரு. ஐ3, ஐ5, ஐ7ங்கிற இன்டெல் சிப் பேரெல்லாம் அந்தந்த ஜெனரேஷனுக்குள்ள (தலைமுறைக்குள்ள) தான் பெருசு சிறுசு. பேருக்கு நடுவுல உள்ள சின்னக் கோட்டுக்கு (-) அப்புறம் வர்ற நம்பரப் பாருங்க. 2600னா ரெண்டாவது ஜெனரேஷன், 4770னா நாலாவது, 8500னா எட்டாவது, அஞ்சு இலக்கமா 10500னு இருந்தா பத்தாவது. ஐ7-2600ல நாலு கோர் (சிப்புக்குள்ள வேலை செய்ற மூளை), ஐ5-8500ல ஆறு கோர். அட, ஐ3-8100 கூட அந்த ஐ7ஐத் தாண்டிப் போயிரும். "3.4 கிகாஹெர்ட்ஸ்"னு பெருசா எழுதியிருப்பாங்க, அதையும் நம்பாதீங்க, ஐ5-8500 பேருக்கு 3.0தான், ஆனா வேலையில 2600 அது கிட்டகூட வராது. நம்பரே போடாம வெறும் "கோர் ஐ7"னு போட்டிருந்தா வேணும்னேதான் போடலன்னு வச்சுக்குங்க.

அடுத்து விண்டோஸ் 11. "அதான் ஓடுதே தம்பி"ம்பாங்க. ஓடும், மைக்ரோசாஃப்ட் வச்சிருக்கிற செக்கிங்க ஏமாத்திட்டுப் போட்டா பழசுலயும் ஓடும். மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி இன்டெல்னா எட்டாவது ஜெனரேஷனும் டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்புச் சிப்பும் இருக்கணும், அதுக்குக் கீழ உள்ளதுக்கு அப்டேட் தொடர்ந்து வரும்னு அவங்க பொறுப்பு எடுத்துக்க மாட்டாங்க. விண்டோஸ் 10க்கு ஃப்ரீ சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சிருச்சு, அதான் ஆபிஸுங்க பழச கழிச்சு விடுது, கழிச்சது நம்ம வீட்டுக்கு வருது. கூடவே "ஆபிஸ் லைஃப்டைம் ஃப்ரீ"ன்னு ஒன்னு போட்டுத் தருவாங்க, அது திருட்டு காப்பி, வேற என்ன சொல்ல.

மாடல் பேரும் கவுத்துரும். டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010னு 2012ல ஒன்னு வந்துச்சு, மூணாவது ஜெனரேஷன். அதே 7010ங்கிற பேர்ல 2023லயும் விட்டுட்டாங்க. புண்ணியவானுங்க! கூகிள்ல புதுசோட விலையப் பாத்துட்டு "ஆஹா பாதி விலை"ன்னு பழசத் தூக்கிட்டு வந்துராதீங்க. டெல்லுன்னா கேசிங்ல சர்வீஸ் டேக் ஒட்டியிருக்கும், அத டெல் வெப்சைட்ல அடிச்சா எந்த மாசம் பேக்டரிய விட்டு வந்துச்சுன்னு காட்டும். எச்பி எலைட்டெஸ்க் 800னா ஜி4ல இருந்து பாருங்க, லெனோவோன்னா எம்720ல இருந்து.

விலைய மட்டும் பாக்காம மேல ஆகுற செலவையும் கூட்டுங்க. பழைய ஆபிஸ் பெட்டி நெறையதுல ஸ்கிரீன மாட்ட எச்டிஎம்ஐ கிடையாது, டிஸ்ப்ளேபோர்ட்தான், அடாப்டர் வாங்கணும். வைஃபை இருக்காது. ஒல்லி கேசிங்கா இருந்தா பவர் சப்ளை அந்த மாடலுக்குன்னே செஞ்சது, சாயங்காலம் அடிக்கிற இடியில அது போச்சுன்னா கடையில கெடைக்கிற சாதா பவர் சப்ளை உள்ள போகாது. கேமிங் கார்டு போடலாம்னு மகன் சொன்னா, குள்ள கார்டு மட்டும்தான் ஏறும், கரண்டும் பத்தாதுன்னு இப்பவே சொல்லி வச்சிருங்க. எல்லாத்தையும் கூட்டிப் பாத்தா ஒரு வருச வாரண்டியோட புது மினி பிசி வெலைக்குப் பக்கத்துல வந்து நிக்குதா? அப்ப எதுக்குங்க இந்தப் பழச?

நான் ரீஃபர்பிஷ்டே வேணாம்னு சொல்லல. நல்ல எட்டாவது ஜெனரேஷன் ஐ5, எஸ்எஸ்டியோட (வேகமான புது வகை டிஸ்க்), நியாயமான வெலைக்கு வந்தா கண்ண மூடிட்டு வாங்கலாம், ஆபிஸ் பெட்டிங்க கட்டுமானம் அவ்வளவு உறுதி.

காசு போடுறதுக்கு முன்னாடி விக்கிறவர்கிட்ட ரெண்டு போட்டோ கேளுங்க: டாஸ்க் மேனேஜர்ல சிபியு பக்கம், டிஸ்கோட நிலமையக் காட்டுற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோங்கிற சாஃப்ட்வேர்ல டிஸ்க் பக்கம். அனுப்ப மாட்டேன்னா விட்டுருங்க. கடைக்கே போனா ஆன் பண்ணும்போது டெல்லுக்கு எஃப்2, எச்பிக்கு எஃப்10, லெனோவோக்கு எஃப்1 அமுக்கிப் பாருங்க, பயாஸ்ங்கிற உள் செட்டிங் பக்கம் வரும், அங்க பாஸ்வேர்டு கேட்டா திருப்பி வச்சிட்டு வந்துருங்க, பழைய கம்பெனிக்காரன் பூட்டுன பூட்டு அது, மதர்போர்டு பேட்டரிய கழட்டி மாட்டுனா போயிரும்ங்கிறதெல்லாம் அந்தக் காலம். பழைய ஹார்ட் டிஸ்கோட வந்தா மொதல்ல முழுசா அழிச்சிருங்க, யாரோட சம்பள ஸ்லிப்போ அப்படியே கெடக்குறத நான் பாத்திருக்கேன்.

ஏற்கனவே ஏமாந்துட்டீங்களா, விளம்பரத்த இப்பவே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, நாளைக்கு அது இருக்காது. கடைக்காரர் மேல டிரிபியூனல் துன்துத்தான் பெங்குனாங்கிற மலேசிய பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல கேஸ் போடலாம், கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் வேணாம், 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம். அந்த அக்காவுக்கும் இததான் எழுதிக் குடுத்து அனுப்புனேன்.