பிள்ளை கூப்பிடும்போது நிமிர்கிறோமா?

"எந்நேரமும் போன்தான், சொன்ன பேச்சே கேட்பதில்லை" என்று பிள்ளையை அழைத்து வரும் பெற்றோரிடம், அவர்களுடைய போனையும் அதிலுள்ள சமூக ஊடகங்களையும் பற்றித்தான் முதலில் கேட்பேன். குழந்தைகள் மனநல ஆலோசகராக வேலை பார்ப்பதில், பல வீடுகளில் பிரச்சினையின் நுனி அங்கேதான் அகப்படுகிறது.

காத்திருப்பு அறையிலேயே இதைப் பார்க்கலாம். கட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கும் குழந்தை, "அம்மா, இங்க பாரு" என்கிறது. "ம்ம்" என்று பதில் வருகிறது, தலை நிமிரவில்லை. இன்னொரு முறை கூப்பிடுகிறது. மறுபடியும் "ம்ம்". மூன்றாம் முறை கூப்பிடுவதில்லை; அடுக்கியதைக் காலால் தட்டிவிடுகிறது. சத்தம் கேட்டு அம்மா நிமிர்கிறார், திட்டு விழுகிறது. குழந்தையின் முகத்தில் வருத்தமே இல்லை. வேண்டியது கிடைத்துவிட்டது. அப்பாக்களோடு வரும் பிள்ளைகளிடமும் இதேதான்.

1970களில் உளவியலாளர் எட்வர்ட் ட்ரானிக் செய்த சோதனை ஒன்று உண்டு. தாய் கைக்குழந்தையோடு கொஞ்சி விளையாடிவிட்டு, பிறகு சில நிமிடங்கள் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் குழந்தையைப் பார்த்தபடி இருப்பார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், குரல் கொடுக்கும். எதுவும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சில குழந்தைகள் அழுதுவிடும். போனில் மூழ்கியிருக்கும் முகம் பிள்ளைக்கு ஏறக்குறைய அப்படித்தான் தெரிகிறது.

"அந்தக் காலத்தில் மட்டும் பெற்றோர் பிள்ளை முகத்தையே பார்த்துக்கொண்டா இருந்தார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் அம்மா துணி மடித்தால், அந்தக் குவியல் எப்போது தீரும் என்று பிள்ளை கண்ணால் பார்க்க முடியும். தீர்ந்ததும் தன் முறை வரும் என்று காத்திருக்கும். போனில் அப்படி ஒரு முடிவு கிடையாது. பக்கம் முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கும் வடிவமைப்பை 2006இல் உருவாக்கிய ஏசா ராஸ்கினே பின்னாளில் அதற்காக வருந்தினார். ஃபேஸ்புக்கில் லைக் பொத்தான் வந்தது 2009இல். விரலால் தள்ளத் தள்ள, எப்போதாவது ஒரு நல்ல விஷயம், எப்போதாவது ஒரு பாராட்டு. எப்போது வரும் என்று தெரியாததுதான் பிடித்து வைக்கிறது. கொத்தும் ஒவ்வொரு முறையும் தானியம் பெற்றுப் பழகிய புறா, தானியம் நின்றால் சீக்கிரம் விட்டுவிடும். எப்போதாவது மட்டும் பெற்றுப் பழகியது நெடுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும் என்று உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னரின் ஆய்வுகள் காட்டின.

இதே விதி வீட்டில் இரண்டாம் முறையும் வேலை செய்கிறது. பத்துத் தடவை கூப்பிட்டால் ஒரு தடவை நிமிரும் பெற்றோரிடம், பிள்ளை பதினொன்றாவது தடவையும் கூப்பிடும். அதை நச்சரிப்பு, பிடிவாதம் என்கிறோம். போன் நமக்குக் கற்றுக்கொடுத்ததை நாம் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான்.

சமூக ஊடகங்களிலிருந்து விலகினால் பலன் இருக்கிறதா? 2018இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், நான்கு வாரம் ஃபேஸ்புக்கை நிறுத்தி வைத்தவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் மிஞ்சியது. நாட்டு நடப்பு பற்றிய அறிவு குறைந்தது. மனநிலை சற்று மேம்பட்டது. ஆய்வு முடிந்த பிறகும் அவர்கள் முன்புபோல் அதில் நேரம் செலவிடவில்லை. சற்றுதான் என்றாலும், அந்த ஒரு மணி நேரம் ஒரு குழந்தைக்கு எவ்வளவு பெரியது என்பதை நான் தினமும் பார்க்கிறேன்.

போனிலிருந்து சமூக ஊடகச் செயலியை மட்டும் நீக்கினால் பெரும்பாலோர் ஓரிரு நாளில் திரும்ப நிறுவிவிடுகிறார்கள். கணக்கையே முடக்கி வையுங்கள். பள்ளிச் செய்திகள் வரும் வாட்ஸ்அப் குழு இருக்கட்டும். தொழிலுக்குத் தேவையென்றால் கணினியில் மட்டும் பயன்படுத்துங்கள். முதல் சில நாட்கள் கை தானாகப் போனைத் தேடும், எரிச்சல் வரும். பிள்ளையும் உடனே அடங்கிவிடாது. புதிதாகக் கிடைத்த கவனம் நிலைக்குமா என்று முன்பைவிட அதிகமாக ஒட்டிக்கொள்ளும், வம்பும் செய்யும். இந்தக் கட்டத்தில்தான் பலர் "இதனால் ஒன்றும் மாறவில்லை" என்று திரும்பிவிடுகிறார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கைக்குழந்தையோடு வீட்டில் தனித்திருக்கும் தாய்க்கு மட்டும் இதை இப்படிச் சொல்லமாட்டேன். பேச்சுத் துணை சமூக ஊடகம் ஒன்றே என்றால், முதலில் நேரில் பேச ஓர் ஆளைத் தேட வேண்டும், விலகுவது அப்புறம். சோர்வும் எதிலும் நாட்டமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பதின்வயதுப் பிள்ளைகள் இருந்தால், "நான் விட்டுவிட்டேன், நீயும் விடு" என்று பேரம் பேசாதீர்கள். உங்கள் விலகல் உங்களுடையதாகவே இருக்கட்டும். கணக்கை நிரந்தரமாக நீக்குவதென்று முடிவெடுத்தால், படங்களை முதலில் தரவிறக்கிக்கொள்ளுங்கள். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் மனம் மாற 30 நாள் அவகாசம்தான். கணக்கை வைத்துக்கொள்வதென்றால், இத்தனை வருடம் நீங்கள் பதிவிட்ட பிள்ளையின் படங்களை அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். எதை எடுத்துவிடச் சொல்கிறார்களோ, காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள்.