நீரை விட்டு வெளியே வந்த கப்பல்

ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் 1628 ஆகஸ்ட் 10 அன்று, தன் முதல் பயணத்தில் ஏறத்தாழ 1,300 மீட்டர் தொலைவே சென்ற நிலையில் கவிழ்ந்து மூழ்கிய வாசா என்னும் போர்க்கப்பல், 333 ஆண்டுகள் கழித்து, 1961 ஏப்ரல் 24 அன்று நீர்மட்டத்துக்கு மேலே வந்தது. மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல்புழு (பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனத்தைச் சேர்ந்தது) உப்புக் குறைந்த அந்தப் பால்டிக் நீரில் வாழாது என்பதால்தான் கப்பல் அத்தனை காலம் உருக்குலையாமல் கிடந்தது. கடலுக்குள் தப்பிய அந்த மரத்துக்குக் காற்றுதான் எதிரியாயிற்று.

மரத்தின் உயிரணுக்கள் நுண்குழாய்களைப் போன்றவை. அவற்றின் சுவர்களுக்கு வலுவூட்டும் செல்லுலோஸைப் பாக்டீரியாக்கள் சிறுகச் சிறுக அரித்துவிட்ட இடங்களில், உள்ளே நிறைந்திருந்த நீர்தான் சுவர்களைத் தாங்கி நின்றது. அந்த நீர் ஆவியாகி உள்வாங்கும்போது, அதன் பரப்பு இழுவிசை மெலிந்த சுவர்களை உட்புறமாக இழுத்து நொறுக்கிவிடும். பலகை சுருங்கி, முறுக்கிக்கொண்டு, வெடித்துப் போகும்.

ஆகவே நீர் வெளியேறுமுன் அதன் இடத்தில் ஆவியாகாத வேறொரு பொருளை அமர்த்த வேண்டியிருந்தது. களிம்புகளிலும் முகப்பூச்சுகளிலும் சேர்க்கப்படும் மெழுகு போன்ற பாலிஎத்திலீன் கிளைக்காலை நீரில் கரைத்து, 1962 முதல் 17 ஆண்டுகள் கப்பல் முழுவதும் தெளித்தார்கள். அதன்பின் உலர்த்தவே ஒன்பது ஆண்டுகள் ஆயின. பொறுமையைச் சோதிக்கும் வேலைதான்.

கப்பலை வைத்திருக்கும் அருங்காட்சியகம் 1990இல் திறந்து பத்து ஆண்டுகளுக்குப் பிறகு புதிய சிக்கல் தலைகாட்டியது. மழை மிகுந்த 2000ஆம் ஆண்டுக் கோடையில் கூடத்தின் ஈரப்பதம் ஏற, பலகைகளின்மேல் மஞ்சளும் வெள்ளையுமாகப் படிவுகள் பூத்தன. அவை அமிலத் தன்மை கொண்டிருந்தன. நகரக் கழிவு கலந்த துறைமுக அடிநீரில், ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் உண்டாக்கிய ஹைட்ரஜன் சல்பைடு, பல நூற்றாண்டுகளாக மரத்தில் கந்தகமாகச் சேர்ந்திருந்தது. காற்றுப் பட்டதும் அது கந்தக அமிலமாக மாறத் தொடங்கியது. துருப்பிடித்த ஆணிகளிலிருந்து ஊறிய இரும்பு அந்த வினையை விரைவுபடுத்தியது. கப்பலில் உள்ள கந்தகம் முழுவதும் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் 5,000 கிலோ அமிலம் உருவாகும் என்று ஆய்வாளர்கள் 2002இல் மதிப்பிட்டார்கள்.

அமிலத்தைக் கழுவி எடுப்பது எளிதன்று. அதற்காக ஊற்றும் நீர் பாலிஎத்திலீன் கிளைக்காலையும் கரைத்துவிடும். எனவே கூடத்தின் ஈரப்பதத்தை ஏற்ற இறக்கமின்றிக் கட்டுப்படுத்தி வினையை மெதுவாக்குகிறார்கள். கூடவே, 5,000க்கும் மேற்பட்ட இரும்பு ஆணிகளைக் கழற்றி, அந்த இடங்களில் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளைப் பொருத்தியிருக்கிறார்கள்.